‘ஆங்?’ என்று கேட்கும் உரிமை: விளக்கம் சொல்லும் இயந்திரங்களும் அவை கற்பித்துக்கொண்ட வாசகரும்

1

‘புரியவில்லை’ என்கிற வார்த்தையைச் சிறுபத்திரிகைக்காரர்கள் அளவுக்குக் கேட்டவர்கள் தமிழில் வேறு யாரும் இருக்க முடியாது. அதை நாம் இரண்டு விதமாகத்தான் எதிர்கொண்டு வந்திருக்கிறோம். ஒன்று, வாசகருக்குப் பயிற்சி போதாது. இன்னொன்று, எழுதுகிறவருக்கே தெளிவில்லை. இரண்டிலுமே குறை யாரோ ஒரு தனிநபரிடம் இருப்பதாகத்தான் அர்த்தம். புரியாமை என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையிலுள்ள ஓர் உறவு, அந்த உறவுக்குள் அதிகாரமும் இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் நம்மிடம் குறைவு.

இதே கேள்வியைக் கணிப்பொறி ஆய்வாளர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையில் வைத்திருக்கிறார்கள். கேட்பவரின் அறிவுக்கேற்ப விளக்கத்தை இயந்திரமே தயாரித்துக் கொடுக்க முடியுமா? டாக்டருக்கு ஒரு மாதிரி, நோயாளிக்கு ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு மாதிரி. ‘அளவெடுத்துத் தைத்த விளக்கம்’ என்று அவர்கள் இதைச் சொல்வார்கள். தையற்கலையிலிருந்து வந்த உருவகம். இந்த வரலாறு வழக்கமாகத் தொழில்நுட்பச் சாதனைகளின் வரிசையாகச் சொல்லப்படுகிறது. நாம் அதை வேறு மாதிரி வாசித்துப் பார்க்கலாம். விளக்கம் தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு இயந்திரமும் ஒரு வாசகரைக் கற்பித்துக்கொண்டது. அந்த வாசகரின் அளவை எடுத்தது யார்? எந்த இடத்தில் நின்றுகொண்டு எடுத்தார்கள்? நாடாவுக்குள் வராமல் போனது எது?

2

1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப், ப்ரூஸ் புக்கானன் முதலானோர் ‘மைசின்’ என்றொரு நிரலை உருவாக்கினார்கள். ரத்தத்தில் பரவும் பாக்டீரியத் தொற்றுக்கும் மூளையுறை அழற்சிக்கும் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டருக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. உள்ளே சுமார் 500 விதிகள். எல்லாமே ‘இன்னது இருந்தால் இன்னது செய்’ என்கிற வடிவத்தில். ஆனால் ஓர் இயந்திரம் சொல்வதை டாக்டர் என்னத்துக்குக் கேட்கணும்? அதனால் ‘ஏன்?’ என்றும் ‘எப்படி?’ என்றும் அவர் தட்டச்சு செய்து கேட்க வழி வைத்தார்கள். ‘ஏன்?’ என்று கேட்டால், அந்த நேரத்தில் தான் பயன்படுத்திக்கொண்டிருக்கும் விதியை மைசின் எடுத்துக் காட்டும். அன்றைக்கு இது பெரிய விஷயம். இயந்திரம் தன் யோசனையைத் திறந்து காட்டுகிறது என்று பேசினார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஏன்?’ என்று கேட்கும் உரிமை டாக்டருக்கு மட்டும்தான். நோயாளி அதற்குள் ஒரு வயது, ஓர் எடை, ஒரு பரிசோதனை முடிவு. அவ்வளவுதான்.

வில்லியம் கிளான்ஸி என்கிற ஆய்வாளர் இதே விதிகளை வைத்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ‘கைடன்’ நிரலை 1979 வாக்கில் உருவாக்கினார். அப்போதுதான் ஓட்டை தெரிந்தது. 1983இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அவர் ஒரு விதியைப் பிரித்துப் போட்டார். ‘நோயாளி எட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் டெட்ராசைக்ளின் கொடுக்காதே.’ ஏன் என்று கேட்டால் இயந்திரம் அந்த விதியைத்தான் காட்டும். அதற்குப் பின்னாலுள்ள ‘ஏன்’ அதனிடம் இல்லை. அந்த மருந்து வளரும் எலும்பிலும் பல்லிலும் படிகிறது. பல்லில் கறை நிரந்தரமாக நின்றுவிடுகிறது. கறைபடிந்த பல்லைச் சமூகம் விரும்புவதில்லை. கடைசிப் படி ரசாயனம் இல்லை, சமூக மதிப்பீடு. இந்தச் சங்கிலியை யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. விதியை எழுதிய டாக்டர்களுக்கு அது தெரிந்த சங்கதி, அதனால் எழுதவில்லை.

விளைவு என்ன? வேறு மருந்தே இல்லாமல், உயிர் போகிற நிலையில் ஒரு குழந்தை இருந்தால், பல் கறையைப் பொருட்படுத்தாமல் விதியை மீறலாம். காரணம் தெரிந்தவர்தான் மீற முடியும். விதி மட்டும் தெரிந்தவர் கீழ்ப்படியத்தான் முடியும். விளக்கம் என்ற பெயரில் கட்டளையையே திரும்பச் சொல்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எந்த அலுவலக ஜன்னலிலும் ‘ரூல் அப்படித்தாங்க’ என்று கேட்டிருக்கிறோம். கிளான்ஸி காட்டியது அதன் அறிதல்முறை சார்ந்த வேர். எவருடைய அறிவிலிருந்து விதி எடுக்கப்படுகிறதோ அவருக்குச் சொல்லாமலே விளங்குவதெல்லாம் பிரதியிலிருந்து காணாமல் போகிறது. மற்றவர்களுக்குப் புரியாமல் போவது அந்த இடத்தில்தான்.

3

விளக்கம் தருகிறவரின் பக்கம் இப்படி. கேட்பவரின் பக்கம்?

1979இல் எலைன் ரிச் ‘கிரண்டி’ என்றொரு நிரலை எழுதினார். நூலகர் மாதிரி நாவல்களைப் பரிந்துரைக்கும் நிரல். ‘உங்களைப் பற்றிச் சில வார்த்தைகளில் சொல்லுங்கள்’ என்று அது முதலில் கேட்கும். நாம் சொல்கிற வார்த்தைகளை வைத்து நம்மை ஒன்றோ பலவோ வகைமாதிரிகளில் பொருத்தும். விளையாட்டுக்காரர், அறிவுஜீவி, பெண்ணியவாதி என்று பல வகைமாதிரிகள். ஒவ்வொன்றிலும் ரசனைகள் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கும். எல்லா வகைக்கும் மேலே, எதுவுமே தெரியாதபோது பயன்படுத்த, ‘யாரோ ஒருவர்’ என்றொரு வகை. எல்லா அடையாளங்களும் கழன்ற இந்தப் பொதுமனிதருக்கும் ரசனை இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்கிற கேள்வி தமிழ்ச் சூழலில் ‘பொது’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்குச் சட்டென்று எழும்.

ரிச்சுக்கு நியாயம் செய்ய வேண்டும். வகைமாதிரி என்பது ஊகம்தான், தவறானால் திருத்த வேண்டும் என்று அவரே சொன்னார். வாசகர் ஒரு புத்தகத்தை மறுத்தால் நிரல் தன் ஊகத்தை மாற்றிக்கொள்ளும். அந்த ஊகங்கள் ஒரு கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. படித்துப் பார்த்துச் சண்டை போடலாம். இந்தக் கடைசி விஷயத்தின் அருமை பிற்பாடு விளங்கும்.

1980களின் பிற்பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செஸில் பாரிஸ் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. அவருடைய நிரலின் பெயரே ‘டெய்லர்’. தொலைபேசி, ஒலிவாங்கி போன்ற சாதனங்களை விவரிக்கும். தெரிந்தவருக்குக் கூடுதலாக, தெரியாதவருக்குக் குறைவாகச் சொன்னால் போதும் என்பதுதான் அதுவரை பலருடைய நினைப்பு. பாரிஸ் கலைக்களஞ்சியங்களை எடுத்து ஒப்பிட்டார். பெரியவர்களுக்கானவை ஒரு சாதனத்தை அதன் பாகங்களாகப் பிரித்துச் சொல்கின்றன. சிறுவர்களுக்கானவை, பேசினால் என்ன ஆகிறது, அதிர்வு எங்கே போகிறது, அடுத்து என்ன நடக்கிறது என்று செயல்பாட்டைக் கதையாகச் சொல்கின்றன. வேறுபாடு அளவில் இல்லை, வகையில்தான் இருக்கிறது என்று அவர் கண்டார். அது மட்டுமில்லை. ஒருவரே ஒரு பாகத்தைப் பற்றி நிபுணராகவும் இன்னொன்றைப் பற்றிப் புதியவராகவும் இருக்கலாம். ஆகவே ஒரே விவரணைக்குள் இரண்டு முறையும் கலந்து வரலாம்.

‘பாமரர்’ என்று ஒற்றை வார்த்தையில் ஆட்களை மூட்டைகட்டும் நம்மூர் எழுத்துக்கு இது நல்ல பதில். ஆனாலும் அந்த வாசகருக்குத் தெரிந்தது, தெரியாதது என்கிற பட்டியல் மட்டும்தான் உண்டு. அவர் எதற்காகக் கேட்கிறார், அவருக்கு என்ன பயம் என்பது அளவுநாடாவில் இல்லை.

4

தெரியாமையை வேறு விதமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். 1978இல் ஜான் சீலி ப்ரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் ‘பக்கி’ என்ற நிரலைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகள் கழித்தல் கணக்கில் செய்யும் தவறுகளை ஆராய்வது அதன் வேலை. 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 26 என்று எழுதுகிறது. கவனக்குறைவா? இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கணும் என்று அது ஒரு விதி வைத்திருக்கிறது. ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு, எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு. தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. புரியாதவர் என்பவர் காலிப் பாத்திரம் இல்லை, அவரிடம் வேறொரு தர்க்கம் இருக்கிறது என்று இவர்கள் சொன்னார்கள். இந்த வரலாற்றில் குழந்தைக்குக் கிடைத்த முக்கியமான மரியாதை இது.

அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட விடைத்தாள்கள் எங்கிருந்து வந்தன? நிகரகுவாவிலிருந்து. அந்நாட்டின் நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புகளைச் சேர்ந்த 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்குகள். அன்று அது சொமோசா குடும்பத்தின் சர்வாதிகாரத்தில் இருந்த நாடு. குழந்தைகளின் பிழைகள் வடக்கே பயணம் போய் மாசச்சூசெட்ஸில் ஒரு நிரலாயின. எந்தக் குழந்தை எந்தப் பிழைவிதியை வைத்திருக்கிறது என்று பார்க்கப்பட்டது. எப்படிப்பட்ட வகுப்பறையில், எத்தகைய வாத்தியாரிடம் அந்த விதி உருவானது என்பது அந்த ஆய்வின் கேள்வி இல்லை.

அடுத்த ஆண்டு, 1979 ஜூலையில், சொமோசா ஆட்சி வீழ்ந்தது. 1980 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சாண்டினிஸ்டாக்கள் நாடு தழுவிய எழுத்தறிவு இயக்கம் நடத்தினார்கள். பல்லாயிரம் மாணவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். விவசாயிகளின் வீட்டில் தங்கி, பகலில் அவர்களோடு வேலை செய்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாடம் நடத்தினார்கள். பாவ்லோ ஃப்ரெய்ரேயின் தாக்கம் அதில் உண்டு. கற்பவரைக் கணக்கில் பணம் போடுவதுபோல நிரப்பக்கூடாது, அவருடைய வாழ்விலிருந்து உரையாடல் தொடங்க வேண்டும் என்பது அவருடைய வாதம். எழுத்தறியாதவர் விகிதம் சுமார் 50 சதவீதத்திலிருந்து சுமார் 13 சதவீதமாகக் குறைந்தது என்று அரசுக் கணக்கு சொன்னது.

இயந்திரம் கெட்டது, மனிதர் நல்லவர் என்று இதைச் சுலபமாக முடித்துவிடக் கூடாது. இந்த இயக்கமும் ஒரு வாசகரைக் கற்பித்துத்தான் வைத்திருந்தது. அவர் ஸ்பானிஷ் பேசுகிறவர், புரட்சியின் மொழியை ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கிறவர். அட்லாண்டிக் கடற்கரையோரம் வாழும் மிஸ்கிட்டோ மக்களும் ஆங்கிலம் பேசும் கறுப்பின மக்களும் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. அவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் மிஸ்கிட்டோ, சுமு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தனியாக இயக்கம் நடத்தப்பட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விடைத்தாள் திருப்பிப் பேசாது. கடற்கரை மக்கள் திருப்பிப் பேசினார்கள், பாடம் மாறியது.

5

திருப்பிப் பேசுவதற்கு இயந்திரத்திலும் இடம் வைக்க முடியுமா? முடியும் என்று வாதிட்டவர் ஜோஹன்னா மூர். வில்லியம் ஸ்வார்ட்அவுட்டோடு சேர்ந்து 1980களின் கடைசியில் அவர் உருவாக்கிய அமைப்பு, நிரல் எழுதுகிறவர்களுக்கு யோசனை சொல்வது. பயனாளியைப் பற்றி முன்கூட்டியே முழுச்சித்திரம் வரைந்து, ஒரே அடியில் கச்சிதமான விளக்கம் தந்துவிட முடியாது என்று மூர் சொன்னார். மனிதர்கள் அப்படி விளக்குவதில்லை. சொல்கிறோம், எதிரில் இருப்பவர் ‘ஆங்?’ என்கிறார், வேறு மாதிரி சொல்கிறோம், ஓர் உதாரணம் கொடுக்கிறோம். அவருடைய நிரல் தான் எதற்காக எதைச் சொன்னது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். பயனாளி என்ன புரியவில்லை என்றுகூடச் சொல்லத் தெரியாமல் வெறும் ‘ஆங்?’ என்றாலும், தன் திட்டத்தைத் திரும்பிப் பார்த்து வேறு வழியில் முயலும். கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்கத் தெரியாதவருக்கும் பேச்சில் ஒரு முறை வருகிறது என்பதுதான் இதன் அரசியல். கோட்பாடு படித்தவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கலாம். வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

1990களின் முற்பகுதியில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இந்த இழைகள் ஒன்றுசேர்ந்தன. மைசினில் பங்கேற்ற புக்கானன், மூர், மருத்துவர்கள், கூடவே டயானா ஃபோர்சைத் என்கிற மானிடவியலாளர். ஒற்றைத் தலைவலி நோயாளிகளுக்கு அவரவருக்கேற்ற விளக்கம் தருகிற அமைப்பு ஒன்றைக் கட்டுவது திட்டம். நோயாளி முதலில் கணிப்பொறியில் தன் தலைவலி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு அவருடைய நோய், அவருடைய மருந்து பற்றித் திரையில் விளக்கம் வரும். ஒரு வார்த்தையைச் சுட்டினால் மேற்கொண்டு கேட்கக்கூடிய கேள்விகள் பட்டியலாக வரும். நோயாளிக்கு அதிகாரம் கொடுப்பதுதான் நோக்கம் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

ஃபோர்சைத் நரம்பியல் மருத்துவமனைகளில் உட்கார்ந்து டாக்டர்களும் நோயாளிகளும் பேசுவதைக் கவனித்தார். நோயாளிகளிடம் தனியாகப் பேசினார். புதிதாக ஒற்றைத் தலைவலி என்று சொல்லப்பட்டவர்களிடம் அவர் திரும்பத் திரும்பக் கண்டது ஒரு பயம். ‘மூளையில் கட்டியா இருக்குமோ? செத்துப்போயிடுவேனோ?’ டாக்டர்களிடம் இதைப் பலர் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. நரம்பியல் நிபுணருக்கோ, நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அந்தப் பயத்துக்குப் பொருளே இல்லை. மருத்துவர்களின் அறிவிலிருந்து கட்டப்பட்ட விளக்கத்தில் அந்தக் கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. தலைவலியோடு எப்படி வேலைக்குப் போவது, வீட்டை எப்படிச் சமாளிப்பது என்று நோயாளிகள் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த அனுபவ அறிவும் ‘மருத்துவ அறிவு’ என்ற கணக்கில் சேரவில்லை.

1996இல் வெளிவந்த கட்டுரையில் ஃபோர்சைத் இதை எழுதினார். புதுப் பாட்டில், பழைய மது என்பது அதன் தலைப்பின் சாரம். தானே பங்கேற்ற ஒரு திட்டத்தை அவர் விசாரணைக்கு உட்படுத்தினார். நோயாளிக்குத் தேவை தகவல், அதை வைத்திருப்பவர் டாக்டர் என்பது திட்டம் தொடங்கும்போதே முடிவாகியிருந்தது. ஆகவே ‘நோயாளிக்கேற்ற விளக்கம்’ என்பது நடைமுறையில், டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்ள நோயாளியைச் சம்மதிக்க வைக்கும் விளக்கமாக முடிந்தது. ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம் வருகிறது. விளக்கத்தை வடிவமைத்த அறிவோ பெரும்பாலும் ஆண் மருத்துவர்களுடையது. யாரும் சதி செய்யவில்லை. தன் இடத்திலிருந்து பார்ப்பதையே பார்வை என்று நினைத்துக்கொண்டார்கள். சமூகத்தை அழித்துவிட்டு அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் என்று செயற்கை அறிவுத்துறையைப் பற்றி ஃபோர்சைத் ஏற்கெனவே சொல்லியிருந்தார். 1997இல் அலாஸ்காவில் ஒரு விபத்தில் அவர் இறந்துபோனார். கட்டுரைகள் 2001இல் நூலாக வந்தன.

மூரின் ‘ஆங்?’ இங்கே என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. ஆனால் எவற்றைக் கேட்கலாம் என்ற பட்டியல் இயந்திரத்தின் கையில். பட்டியலில் இல்லாத கேள்வி கேள்வியாகவே ஆகாது.

6

அளவெடுத்துத் தைத்தால் பலன் உண்டா என்று நேரடியாகச் சோதித்தும் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எஹுத் ரைட்டர் குழுவினர், புகைபிடிப்பவர்களுக்கு அவரவர் பூர்த்தி செய்த நான்கு பக்கக் கேள்வித்தாளை வைத்துக் கணிப்பொறி எழுதும் தனிப்பட்ட கடிதங்களைத் தயாரித்தார்கள். 2,553 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தனிப்பட்ட கடிதம். இன்னொன்றுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரியான கடிதம். மூன்றாவதற்கு வெறும் நன்றிக் கடிதம். ஆறு மாதம் கழித்துப் புகையை விட்டிருந்தவர்கள் முறையே 3.5, 4.4, 2.6 சதவீதம். ஒருவருக்கென்றே தைத்த கடிதம் ஊருக்கெல்லாம் தைத்த கடிதத்தை மிஞ்சவில்லை. 2001இல் முடிவுகள் வந்தன. 2003இல் ரைட்டர் குழுவினர் இதைத் தோல்வி என்றே பெயரிட்டு, அதிலிருந்து கற்றதை விரிவாக எழுதினார்கள். தோல்வியை அச்சில் ஏற்றிய அந்த நேர்மை இன்றைக்கு அரிது. நான்கு பக்கக் கேள்வித்தாள் ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதையும் அந்த எண்கள் யோசிக்கவைக்கின்றன.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த வரலாறு முழுவதும் பழங்கதை போலத் தோன்றலாம். ‘பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு’ என்றால் சொல்கிறது. தமிழிலும் சொல்கிறது. ‘ஆங்?’ என்றால் மறுபடி வேறு மாதிரி சொல்கிறது. கேள்விப் பட்டியல் இல்லை, எதையும் கேட்கலாம். மூளைக்கட்டி பயத்தைக்கூடக் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரிடம் கேட்க முடியாததை இதனிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களில் நாம் பின்னுக்குப் போயிருக்கிறோம். மைசினிடம் ‘ஏன்?’ என்றால் அது உண்மையிலேயே பயன்படுத்திய விதியைக் காட்டியது. அரைகுறைக் காரணம்தான், ஆனாலும் அசல். இன்றைய மொழி மாதிரிகள் சொல்லும் காரணம்தான் அந்த விடையை உண்டாக்கியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டும் பொருந்தாமல் போகும் சந்தர்ப்பங்களை 2023 முதல் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, ரிச்சின் வகைமாதிரிகளைக் கோப்பில் படித்துச் சண்டை போட முடிந்தது. இப்போது என்னை யாராக நினைத்துக்கொண்டு இந்த விளக்கம் தரப்படுகிறது என்று எங்கே போய்ப் படிப்பது? அந்த ‘யாரோ ஒருவர்’ கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்துவிட்டார். அவர் எந்த ஊர்க்காரர், எந்தச் சாதிக்காரர், ஆணா பெண்ணா, எந்தத் தமிழைத் தமிழ் என்று நினைக்கிறார் என்பதை விடைகளை வைத்துத்தான் நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. முன்பு இயந்திரம் நம்மை ஊகித்தது. இப்போது நாமும் அதை ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கருவிகளைக் கொண்டு தமிழில் நோய் பற்றியோ சட்டம் பற்றியோ நிவாரணம் பற்றியோ மக்களுக்கு விளக்கம் தயாரிக்கிற நண்பர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து ஒன்று சொல்லலாம். ‘எளிமையாகச் சொல்’ என்று இயந்திரத்துக்கு உத்தரவு போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். முதல் வேலை, வெளிநோயாளிகள் வரிசையிலும் தாலுகா ஆபீஸ் வராந்தாவிலும் உட்கார்ந்து, ஜனங்கள் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விழுங்குகிறார்கள் என்று எழுதிக்கொள்வது. ஃபோர்சைத் செய்தது அவ்வளவுதான். அதற்கு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். அப்படிச் சேர்ந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்துக்கொண்டு, தயாரான விளக்கத்தை அவர்களிடமே திருப்பிக் காட்ட வேண்டும். அவர்கள் ‘ஆங்?’ என்றால், திருத்த வேண்டியது யாரை என்பதில் நமக்குக் குழப்பம் வரக்கூடாது.